பார்க்க வந்தவரின் கடன்

ஊர் பார்க்கப் போவதற்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பலருக்கும் வியப்பாக இருக்கும். விடுமுறை கிடைக்கிறது, கையில் காசு இருக்கிறது, கடலோரம் ஓர் ஊர் இருக்கிறது. போகிறோம், பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதில் தர்மம் எங்கே வந்தது? ஆனால் நம் நாட்டுச் சமயங்கள் எதுவும் ஓரிடத்தைப் பார்க்கப் போவதை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. சபரிமலைக்குப் போகிறவர் 41 நாள் விரதம் இருக்கிறார். பழனிக்குப் போகிறவர் காவடியைத் தோளில் ஏற்றி நடக்கிறார். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள் நேர்ந்துகொண்டு போகிறார்கள். போய்ச் சேர்ந்தபின் வலம் வர வேண்டும், காணிக்கை செலுத்த வேண்டும், இல்லாதவருக்கு அன்னமிட வேண்டும். கண்ணால் பார்ப்பது மட்டும் போதும் என்றால் இத்தனை கட்டுப்பாடு எதற்கு? பார்ப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியது உண்டு என்று நம் முன்னோர் எண்ணியதால்தான். அதைக் கோயில் வாசலோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. எந்த ஊரையும் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அந்த ஊரில் வாழ்கிறவர்களின் வாழ்வுக்குக் கட்டுப்பட்டே அந்த உரிமை நிற்கிறது, வந்தவர் கடன்பட்டவர். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். விழிஞ்ஞம் என்ற ஒரு சிறிய கடலோர ஊரையும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தையும் வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து இருக்கிறது விழிஞ்ஞம். கன்னியாகுமரி மாவட்டத்து எல்லையிலிருந்து வெகுதூரமில்லை. துறைக்கு மேலே சிந்துயாத்திரை மாதா தேவாலயமும் பள்ளிவாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. சிறிது உள்ளே போனால் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாறையில் குடைந்த ஒரே ஒரு சிற்றறை, அதனுள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரின் ஒரு பக்கம் திரிபுராந்தகராகச் சிவன், மறுபக்கம் பார்வதியோடு ஆடும் சிவன். இரண்டு புடைப்புச் சிற்பங்களும் முடிக்கப்படாமலே நின்றுபோனவை. தெற்கே ஆழிமலையில் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் 58 அடி உயரக் கங்காதரேசுவரர் சிலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்று கூட்டம் அங்கேதான் அலைமோதுகிறது. கிழக்கே வெங்ஙானூர், அதற்கப்பால் நெசவுக்குப் பெயர்பெற்ற பாலராமபுரம், தெற்கே நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு. ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம். சுற்றி முடித்தவருக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? குடைவரையை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வெளியேறுகிறவருக்கு, இது ஒருகாலத்தில் ஆய் மன்னர்களின் தலைநகர் என்பதை அந்தப் பாறை சொல்லாது. கண் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். மீதி, அங்கே வாழ்ந்தவர்களிடமும் வாழ்கிறவர்களிடமும் கேட்டுப் பெற வேண்டியது. பார்ப்பவரின் கடன் இந்தக் கேட்டுப் பெறுதலில் தொடங்குகிறது.

விழிஞ்ஞத்துக்குப் பழங்காலத்தில் வந்தவர்களில் கேட்டுப் பெற்றவர்களைவிட எடுத்துக்கொண்டு போனவர்களே அதிகம். பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞ்ஞத்தை அழித்ததை அவனுடைய ஸ்ரீவரமங்கலச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. கடலையே அகழியாகக் கொண்ட அந்த ஊரை ராஜராஜ சோழனின் படை கைப்பற்றியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பிறகு போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் இந்தக் கரைக்கு வந்தார்கள். 1795இல் வெளியான நிலைத்த அமைதி பற்றிய நூலில் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துப் பேசினார். பூமி உருண்டை, அதன் பரப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆகவே அயலான் ஒருவன் எந்த நாட்டுக்கும் போய்ப் பார்க்கும் உரிமை உடையவன், பகைவனாக அவனை நடத்தக் கூடாது என்றார். கூடவே, ஐரோப்பிய வணிக நாடுகள் அயல்நாட்டைப் பார்க்கப் போவதையே அதைப் பிடித்துக்கொள்வதாக ஆக்கிவிட்டன என்று கடுமையாகக் கண்டித்தார். வருகைக்கும் பறிப்புக்கும் நடுவே அவர் போட்ட கோடு இன்றும் அழியவில்லை. அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கோட்டின் சரியான பக்கத்தில் நின்ற ஓர் அரசனும் இந்த நிலத்தில் இருந்தான். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு விஷ்ணு கோயிலையும் கல்விச்சாலையையும் நிறுவினான். கோயில் எழுப்பிய இடம் முஞ்சிறைச் சபையாருக்கு உரியது. படைபலம் உள்ள அரசன் அதை வெறுமனே எடுத்துக்கொள்ளவில்லை; மாற்று நிலம் கொடுத்து வாங்கிக்கொண்டதை அவனுடைய செப்பேடு தமிழில் பதிவு செய்திருக்கிறது. தெய்வத்துக்கு இடம் தேடிப் போனவனும் அங்கே முன்பே இருந்தவர்களுக்குக் கடன்பட்டவன் என்ற எண்ணம் அந்தப் பதிவில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான அச்சம் எழும். வருகிறவருக்குக் கடமை உண்டு என்று பேசத் தொடங்கினால், அது மெல்ல மெல்ல சிலரை வரவே கூடாது என்று தடுப்பதில் போய் முடியாதா? முடிந்திருக்கிறது. புனிதம், ஆசாரம், ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயர்களால் தெருக்களும் குளங்களும் கோயில்களும் கோடிக்கணக்கானோருக்கு மூடப்பட்டிருந்த நாடு இது. அதை உடைத்த மனிதர்களில் முதன்மையானவர் ஒருவர் விழிஞ்ஞத்துக்கு அருகிலேயே பிறந்தார். 1863இல் வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தம் மக்கள் நடக்கக்கூட அனுமதி இல்லாத பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். எதிர்த்தவர்களின் தாக்குதலுக்கும் அவர் அஞ்சவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது 1936 நவம்பர் 12 அன்று வந்தது. இந்த வரலாறு தெரிந்த யாரும், இடங்களைப் பார்க்கும் உரிமையைச் சுருக்கும் எந்தத் தத்துவத்தையும் ஏற்க முடியாது. எனவே நான் சொல்லும் கடனை யாரையும் வாசலில் நிறுத்தும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. பிறப்பு, சாதி, மதம், செல்வம் எதையும் கேட்காமல் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்தபின் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மட்டுமே கேட்க வேண்டும். சாதி ஆசாரம் செய்த பெரும்பிழை, வரும் முன்பே ஆளை எடைபோட்டு, வந்தபின் செய்யும் செயலை எடைபோடாமல் விட்டது.

உரிமையையும் கடமையையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு நாடு சட்டமாகவே வைத்திருக்க முடியும் என்பதற்கு ஸ்வீடன் சான்று. அங்கே காட்டிலும் மேட்டிலும் கடற்கரையிலும், நிலம் யாருடையதாக இருந்தாலும், எவரும் நடந்துபோகலாம், ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்கலாம், காட்டுப் பழங்களும் காளான்களும் பறிக்கலாம். நெடுங்கால வழக்கமாக இருந்த இந்த உரிமை 1994இல் அந்நாட்டு அரசியல் சட்டத்திலும் இடம்பெற்றது. அதே மூச்சில் கடமையும் சொல்லப்படுகிறது: யாருக்கும் தொல்லை தரக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது, வீட்டு முற்றத்தை ஒட்டிப் போகக் கூடாது, விளைநிலத்தை மிதிக்கக் கூடாது. நீர்க்கரையிலிருந்து பொதுவாக 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பவும் தடை உண்டு. நாட்டின் தென்கோடியில் சிம்ரிஷாம் போன்ற சிறு துறைமுக ஊர்களுக்கும், சுற்றியுள்ள வயல்வெளிகளுக்கும் போகிறவர்கள் இந்த இரட்டை விதியின் கீழேதான் நடமாடுகிறார்கள். அந்தப் பகுதிகளின் கடலோரத் தேவாலயங்களில் கூரையிலிருந்து கப்பல் மாதிரிகள் தொங்குவதைக் காணலாம். கடலுக்குப் போனவர்களுக்காக நேர்ந்து வைத்தவை அவை. பார்க்க வந்தவருக்கு அவை அழகான பொருள்கள். அந்த ஊருக்கோ அவை நன்றியின், அச்சத்தின், பிரார்த்தனையின் கணக்கு. ஸ்வீடனில் நிலம் அதிகம், மக்கள் குறைவு, ஆகவே அங்கே சாத்தியம், இங்கே முடியாது என்று சிலர் சொல்லலாம். என் பார்வையில் இது தலைகீழான தர்க்கம். ஆளில்லாத காட்டில் பத்துப்பேர் தவறாக நடந்தால் காடு தாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும் ஒரு மீனவக் குப்பத்தில் அது தாங்காது. நெரிசலான கரைக்கே அந்தக் கட்டுப்பாடு கூடுதலாகத் தேவை.

விழிஞ்ஞத்தில் அந்தக் கடன் என்ன வடிவில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கரையிலிருந்து கடலைப் பார்ப்பவரின் கண்ணை விட்டுவிட்டு, கடலிலிருந்து கரையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு மாற வேண்டும். இந்தக் கரையின் மீனவர்கள் கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைப் பார் என்கிறார்கள். மீன் கூடும் இடங்கள் அவை. மேலே நீரன்றி வேறு எதுவும் தெரியாத கடலில் ஒரு பாரை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் ஒரு தேவாலயக் கோபுரமும் அதற்குப் பின்னே தொலைவில் ஒரு மலைமுகடும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள், ஒரு பள்ளிவாசலோ ஒரு குன்றோ, அதேபோல நேர்கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கிறது. இந்த அறிவுக்குக் கணிச்சம் என்று பெயர். கட்டுமரத்தில் போனவர்கள் காகிதமோ கருவியோ இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இதைக் கடத்தியிருக்கிறார்கள். இதில் ஒரு சமய உண்மையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடலில் நிற்கிற ஒருவனுக்கு வழிபாட்டிடம் என்பது அழகுக்கோ வரலாற்றுக்கோ உரியது மட்டுமல்ல. தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்வது அது. கிறிஸ்தவ மீனவர் பள்ளிவாசலைக் குறியாகக் கொண்டாலும், முஸ்லிம் மீனவர் தேவாலயத்தைக் குறியாகக் கொண்டாலும், கடல் தரும் விடை ஒன்றே. பார்வை என்பது இங்கே உயிரையும் உணவையும் பொறுத்தது. அப்படிப் பார்க்கிறவர்களின் ஊரை வேடிக்கையாகப் பார்க்க வரும்போது, நம் பார்வையைவிட ஆழமான ஒரு பார்வை அங்கே முன்பே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதே முதல் கடன்.

இதற்கு ஆன்மிகத் தளத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். சித்தர்கள் சொன்னது வேறல்லவா என்று கேட்பார்கள். இறைவன் எங்கும் இருக்கிறான், உள்ளத்துக்குள்ளேயே இருக்கிறான். ஊர் ஊராக அலைந்து கல்லையும் நீரையும் பார்ப்பதில் பயனில்லை என்பது சிவவாக்கியர் முதலியோரின் உறுதியான நிலை. அப்படியானால் ஓர் ஊருக்குத் தனியாகப் புனிதம் கற்பித்து, அதற்குக் கடனும் கற்பிப்பது வீண் வேலை அல்லவா? சித்தர்களின் குரலை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் எதை மறுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளம் மாறாமல், நடத்தை மாறாமல், கண்ணும் காலும் மட்டும் போய்வருவதை அவர்கள் மறுத்தார்கள். நானும் அதையே மறுக்கிறேன். இறைவன் எங்கும் இருக்கிறான் என்பது உண்மையானால், விழிஞ்ஞத்தில் ஏலம் கூவும் இடத்திலும், மீன்கூடை சுமந்து நகரத்துக்குப் போகும் பெண்ணிடத்திலும், வலை பின்னும் கிழவரிடத்திலும் இருக்கிறான். அப்போது பயணியின் பொறுப்பு கோயில் மதில்களைத் தாண்டி ஊர் முழுவதும் பரவிவிடுகிறது. எங்கும் இறை என்ற கொள்கை கடனை அழிப்பதில்லை, அதற்கு எல்லையே இல்லாமல் செய்துவிடுகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. ஊருக்குக் கடன்பட்டவர் என்கிறீர்களே, எந்த ஊருக்கு? விழிஞ்ஞம் ஒரே குரலில் பேசும் ஊரா? இல்லை. 1990களில் இங்கே கிறிஸ்தவ மீனவர்களுக்கும் முஸ்லிம் மீனவர்களுக்கும் இடையே கடும் மோதல் நடந்தது. அதன் காயம் ஆற நெடுநாள் ஆயிற்று. இங்கே எழுந்துள்ள புதிய சரக்குத் துறைமுகத்தால் வேலையும் வணிகமும் பெருகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது தங்கள் கரையையே தின்றுவிடும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் துறைமுகப் பணிக்கு எதிராகத் தொடங்கிய போராட்டமும், அதற்கு எதிராக எழுந்த குரல்களும், நவம்பர் இறுதியில் காவல் நிலையம் தாக்கப்பட்டதும் இந்தப் பிளவை நாடறியச் செய்தன. இவர்களில் யார் ஊர்? இதற்கு என் விடை: பிளவு இருப்பது கடனை நீக்காது, ஒருபக்கம் சாய்ந்து கதை சொல்லும் உரிமையைத்தான் நீக்குகிறது. வெளியிலிருந்து வந்தவர், தான் முதலில் சந்தித்த ஒருவரின் வாயிலிருந்து கேட்டதை ஊரின் குரல் என்று எடுத்துப் போகக் கூடாது. பொறுமையாக இரு தரப்பையும் கேட்பதும், தெரியாததில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதும் விரதத்தின் கூறுகளே. உணவில் கட்டுப்பாடு போலவே நாவிலும் கட்டுப்பாடு வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பிழைப்பைப் பற்றியது. சுற்றுலா வருமானம் தருகிறது. துறைமுகம் நாட்டுக்கே வளம் தருகிறது. இவற்றுக்கு நடுவே கடன், அறம் என்று பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்பார்கள். விழிஞ்ஞத்தின் இயற்கை வாய்ப்பு உண்மையிலேயே பெரிது. கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் வரை ஆழம். பன்னாட்டுக் கப்பல் பாதை ஏறத்தாழ பத்து கடல் மைல் தூரத்தில். 2015இல் அதானி குழுமத்தோடு கேரள அரசு ஒப்பந்தம் செய்தது; அந்த ஆண்டு டிசம்பரில் துறைமுகப் பணி தொடங்கியது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய் மன்னர் காலத்திலேயே துறைமுகமாக இருந்த ஊர் மறுபடி துறைமுகம் ஆவதை எதிர்க்க என்னிடம் தத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் வளம் என்ற சொல்லோடு கணக்கும் வர வேண்டும். வலியதுறை போன்ற ஊர்களில் கடல் அரித்து வீடிழந்த குடும்பங்கள் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன. அரிப்புக்குத் துறைமுகப் பணியே காரணம் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். புயல்களும் பருவநிலை மாற்றமும் காரணம் என்று துறைமுகத் தரப்பு சொல்கிறது. காரணம் எதுவாயினும் வீடிழந்தவர் வீடிழந்தவரே. அலைதடுப்புச் சுவருக்கான பாறைகளில் ஒரு பங்கு கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலைகளிலிருந்து லாரிகளில் போனது. அதை எதிர்த்துத் தமிழ்நாட்டு மக்களும் குரல் கொடுத்தார்கள். எங்கோ ஒரு மலை கரைந்து இங்கே ஒரு சுவர் எழுகிறது. பெரிய மூலதனமும் ஒரு வகையில் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிதான். கருநந்தடக்கன் செய்த மாற்றுநிலக் கணக்கு அதற்கும் பொருந்தும்: எடுக்கும் முன் உரியவரோடு பேசு, எடுத்ததற்கு ஈடாகக் கொடு, கொடுத்ததை எழுத்தில் வை.

கடைசியாக ஒரு சோர்வான மறுப்பு உண்டு. இவ்வளவு பெரிய கடனை ஒரு தனி மனிதர், இரண்டு நாள் வந்துபோகிறவர், எப்படித் தீர்ப்பார்? தீர்க்க முடியாது என்பதே உண்மை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பட்ட கடனையும் நாம் தீர்ப்பதில்லை. தீர்க்க முடியாது என்பதால் அதை மறுப்பதும் இல்லை. கடனை ஒப்புக்கொண்டு நடப்பவரின் நடை வேறாக இருக்கிறது, அவ்வளவே கேட்கப்படுகிறது. அந்த நடை எப்படி இருக்கும் என்று காட்டியவர்களும் இந்தக் கரையின் மக்களே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விழிஞ்ஞம், பூந்துறை முதல் தூத்தூர், சின்னத்துறை வரை எத்தனையோ வீடுகளிலிருந்து ஆண்களைக் கொண்டுபோனது. முன்னெச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்ற கோபமும் துயரமும் அந்த வீடுகளில் அடங்கவில்லை. ஓராண்டுகூட ஆகவில்லை, 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இதே கரையின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பார்த்திராத உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். ஆற்றின் போக்கும் தெருவின் வளைவும் தெரியாத இடத்தில், கூரையில் நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். மாநில முதல்வர் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று போற்றினார். அரசு அறிவித்த அன்றாடப் படியை வேண்டாம் என்று மறுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பிறர் ஊருக்குள் நுழைந்தபோது அவர்கள் கொண்டுபோனது தங்கள் படகையும் தங்கள் அறிவையும். வருகை என்பது கொடுப்பதாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அந்தப் பத்துக் குறள்களும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகின்றன. வருகிறவர் குறைவாகவும், தயங்கியபடியும் வந்த காலத்தில் அது போதுமாக இருந்தது. இன்று வருகிறவர் கூட்டமாக, உரிமையோடு, அவசரத்தோடு வருகிறார். வீட்டுக்காரரைவிட அவர் கையில் பணமும் அதிகாரமும் அதிகம். எனவே விருந்தாளியின் அறத்தை நம் காலத்தவர் எழுதியாக வேண்டும். அதற்குச் சில விதிகளை இப்போதே சொல்லலாம். வலை உலரும் மணலில் வண்டியை நிறுத்தாதீர்கள். மீன் விற்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவரிடம் மீன் வாங்கினால் நியாயமான விலை கொடுங்கள். குப்பையைக் கடலுக்கு விடாதீர்கள். கோயிலையும் தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் பார்த்தால், அதைக் கட்டியவர்கள் யார், அதைக் குறியாக வைத்து இன்றும் கடலில் வழி காண்கிறவர்கள் யார் என்று கேளுங்கள். ஆழிமலைக்குப் போகிறவர்கள் வெங்ஙானூருக்கும் போங்கள். இந்தச் சாலைகளில் எல்லோரும் நடக்கலாம் என்றாக்கியவரின் ஊர் அது. துறைமுகத்தின் வருவாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வீடிழந்தவர்களின் மறுவாழ்வைப் பற்றியும் பேசுங்கள், அதை அரசிடம் கேளுங்கள். இவற்றைச் செய்கிறவர் எந்த மதத்தவரானாலும், எந்த மதமும் இல்லாதவரானாலும், அவர் செய்தது யாத்திரை. செய்யாதவர் ஆயிரம் கோயில் பார்த்தாலும் ஊரைப் பார்த்தவர் ஆகமாட்டார்.